மழலையர் வகுப்பு ஆசிரியர் ஆவது எப்படி: படிப்பு, குறிப்பேடு, டெமோ வகுப்பு

பால்வாடியோ பிளே ஸ்கூலோ, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக வேண்டும் என்று நினைப்பவர்கள் சான்றிதழ் தேடுவதிலேயே ஒரு வருஷத்தைக் கழித்துவிடுகிறார்கள். சான்றிதழ் வேண்டும்தான். ஆனால் நேர்காணலிலும் சரி, பெற்றோர் முன்னாலும் சரி, கை கொடுப்பது வேறு: பிள்ளையைக் கவனித்து எழுதத் தெரிவது. அதனால் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகவும் அதைப் பற்றி விரிவாகவும் சொல்கிறோம்.

படி 1: எந்தப் படிப்பு

‘ஆறே மாதத்தில் மாண்டிசோரி ஆசிரியர்’ என்று ஃப்ளெக்ஸ் வைத்திருக்கும் இடத்தில் உடனே பணம் கட்டாதீர்கள். அந்தச் சான்றிதழைத் தனியார் பள்ளிகள் சில ஏற்கும். ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமமான என்.சி.டி.இ.யின் அங்கீகாரம் கேட்கும் இடத்தில் அது செல்லாது. அந்தக் குழுமம் அங்கீகரிக்கும் மழலையர் கல்விப் பட்டயம் டி.பி.எஸ்.இ., இரண்டு வருஷம், 12-ம் வகுப்பில் 50 சதவீதம் வேண்டும். சேரும் முன் அந்த நிறுவனத்தின் பெயர் என்.சி.டி.இ. இணையதளத்தின் தென்மண்டலப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்’ என்றால் வந்த பிறகு சேரலாம்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க, இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மழலையர் பராமரிப்பு, கல்விப் பட்டயமான டி.இ.சி.இ. நல்லது. 32 கிரெடிட், குறைந்தது ஒரு வருஷம். அஞ்சல்வழிப் படிப்புதானே என்று இதில் வரும் செயல்திட்டத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், படிப்பின் உயிரே அதுதான்.

எங்கள் சிபாரிசைக் கேட்டால், 12-ம் வகுப்பு முடித்து வயது இருபதுக்குள் இருப்பவர்கள் தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்கலாம். தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று வயது முதல் எட்டு வயது வரை ஒரே அடித்தள நிலையாக வைக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பும் அதற்குள் வந்துவிடுவதால் இந்தப் பட்டயத்துக்கு இரண்டு பக்கமும் கதவு உண்டு. அரசுப் பள்ளி வேலைக்குத் தகுதித் தேர்வு தனி.

அங்கன்வாடிப் பணியாளர் வேலை பெண்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் 2025-ல் வந்த அறிவிப்பில் 12-ம் வகுப்புத் தேர்ச்சி, வயது 25 முதல் 35, முதல் வருஷம் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், பிறகு 7,700–24,200 ஊதிய விகிதம் என்று இருந்தது. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற மாநிலப் பாடத்திட்டம்தான் அங்கே நடத்த வேண்டியது. தனியார் பள்ளிக்குப் போகிறவர்களும் அதை ஒரு முறை பாருங்கள். உள்ளூர்ப் பொருளை வைத்தே பாடம் நடத்தும் வழி அதில் தெரியும்.

படி 2: கைப்பெட்டி

அட்டைப்படக் கட்டும் லேமினேஷன் மெஷினும் வாங்க வேண்டாம். படத்தில் இருக்கும் மாம்பழத்தைவிடக் கையில் இருக்கும் மாங்கொட்டை அதிகம் பேச வைக்கும். இவை போதும்: தேங்காய்ச் சிரட்டை ஆறு, மரக்கட்டைகள் இருபது, பழைய துணிப்பை, சிறு மணி, மெழுகு கிரேயான். புது கிரேயானை 3 செ.மீ. துண்டுகளாக உடைத்துவிடுங்கள். நீளமாக இருந்தால் பிள்ளை முஷ்டியால் பிடிக்கும். துண்டாக இருந்தால் மூன்று விரலால்தான் பிடிக்க முடியும்.

புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி பற்றி ஒரு எச்சரிக்கை. சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் விழுகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழான பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது. எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை அருமையான பொருள்தான், ஆனால் அது நான்கு வயதுக்கு மேல், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். குன்றிமணி எந்த வயதுக்கும் வேண்டாம், அது விஷம்.

பிசையும் மாவு: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. முக்கால் கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். எழுத்துக்கு முந்தைய விரல் பயிற்சிக்கு இதற்கு ஈடு இல்லை.

படி 3: கவனித்து எழுதுவது

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பயிற்சிக் குறிப்பேடுகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் இது: ‘க. நல்ல சுறுசுறுப்பான பையன். மற்றவர்களுடன் நன்றாகப் பழகுகிறான்.’ இதை வைத்து நாளைக்கு அவனுக்கு என்ன கொடுப்பது? ஒன்றும் தெரியாது. அது கவனிப்பு அல்ல, தீர்ப்பு.

இப்படி எழுதிப் பாருங்கள்:

‘க., 4 வயது 2 மாதம். காலை 10.15, கட்டை மூலை. ஆறு கட்டை அடுக்கினான், ஏழாவதில் சரிந்தது. மூன்று விநாடி பார்த்தான். பெரிய கட்டையைக் கீழே வைத்து மறுபடி தொடங்கினான். பக்கத்துப் பிள்ளையிடம், “குண்டு கட்ட அடில, சின்னது மேல.” எட்டு நின்றது.’

இதில் ‘புத்திசாலி’ என்ற சொல்லே இல்லை. ஆனால் அவன் அளவை ஒப்பிடுகிறான், தவறைத் தானே திருத்துகிறான், கண்டதை இன்னொருவருக்குச் சொல்கிறான் என்பது தெரிகிறது. நாளைக்குச் சிரட்டைகளை அளவு வாரியாக அடுக்கக் கொடுக்கலாம்.

பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: பார்த்ததும் கேட்டதும், அதிலிருந்து எனக்குத் தோன்றுவது, அடுத்துக் கொடுப்பது. முதல் பத்தியை வகுப்பிலேயே எழுதுங்கள், மற்ற இரண்டையும் பிள்ளைகள் போன பிறகு. மாலையில் மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் பிள்ளையின் சொல் மறந்து உங்கள் சொல்தான் மிஞ்சும். பிள்ளை பேசியதைப் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

20 பிள்ளைகள் என்றால் ஒரு நாளைக்கு நால்வர். ஐந்து நாளில் ஒரு சுற்று வந்துவிடும். பெயரை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் சேட்டை செய்யும் மூவர் மட்டுமே நோட்டை நிரப்புவார்கள், சத்தமில்லாத பிள்ளை ஒரு மாதம் கண்ணில் படாமலே போகும். ஆப் வேண்டாம், பாக்கெட்டில் அடங்கும் கோடில்லாத நோட்டும் பென்சிலும் போதும். போனை எடுத்தாலே பிள்ளைகள் உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், இயல்பு போய்விடும். அவர்கள் படத்தை ஸ்டேட்டஸில் போடவே கூடாது.

இந்த நோட்டின் அருமை வாசலில்தான் தெரியும். ‘மூன்றரை வயசாச்சு, இன்னும் அ, ஆ எழுதலையே மிஸ்?’ என்று அம்மா கேட்பார். ‘அந்த வயசுல எழுதக் கூடாதுங்க’ என்றால் சண்டை. நோட்டைத் திறந்து, ‘போன மாசம் மாவை முழுக் கையால அழுத்தினான், இந்த வாரம் இரண்டு விரலால கிள்ளி உருட்டுறான். பென்சில் பிடிக்கிற பலம் இப்பத்தான் வருது’ என்று தேதியோடு காட்டினால் அவரும் உங்களோடு சேர்ந்து பார்க்கத் தொடங்குவார்.

படி 4: டெமோ வகுப்பு

வேலைக்கு எடுக்கும் முன் பள்ளி உங்களை நடத்தச் சொல்லும் மாதிரி வகுப்பு இது, பொதுவாக 15 முதல் 20 நிமிடம். பின்னால் உட்கார்ந்திருக்கும் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பாடம் நடத்துவதுதான் பெரிய தவறு. தரையில், பிள்ளைகளின் கண் மட்டத்தில் உட்காருங்கள்.

எங்கள் தேர்வு ‘மிதக்குமா, மூழ்குமா’. அகலமான டப்பில் பாதித் தண்ணீர், துடைக்கத் துண்டு இரண்டு, ஆளுக்கு ஒரு பொருள்: சாவி, இலை, கரண்டி, மரக்கட்டை, மூடி. வரிசைதான் முக்கியம். கைதட்டிப் பாடி உட்கார வைத்து, என்ன செய்யப் போகிறோம் என்பதை இரண்டே வாக்கியத்தில் சொல்லி, அதன் பிறகு பொருளைக் கொடுத்து, கடைசியில் டப்பைக் கொண்டுவாருங்கள். டப்பு முதலில் வந்தால் பத்துப் பேரும் எழுந்து கையை விடுவார்கள், பிறகு உங்கள் குரல் எடுபடாது. பொருள் முதலில் வந்தாலும் காது வேலை செய்யாது.

ஒவ்வொருவரும் போடும் முன் ‘நீ என்ன நினைக்கிறே?’ என்று கேளுங்கள். ஊகம் தப்பானால் ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள், ‘அட, உள்ளே போயிடுச்சே, ஏன்?’ போதும். முடிவில் தடித்த தோலுள்ள ஆரஞ்சு ஒன்றைப் போடுங்கள், மிதக்கும். உரித்துப் போட்டால் மூழ்கும், தோலில் இருந்த காற்று போய்விட்டதல்லவா? பழத்துக்குப் பழம் மாறும் என்பதால் வீட்டில் ஒரு முறை சோதித்துவிடுங்கள். நீங்கள் விளக்க வேண்டாம், ஐந்து வயதுப் பிள்ளைகளில் யாராவது ஒரு காரணம் சொல்வார்கள். அதைக் காத்திருந்து கேட்பதைத்தான் நல்ல பள்ளி பார்க்கும்.

படி 5: சேரும் முன் கேட்க வேண்டியவை

வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? 2013-ன் தேசிய மழலையர் கொள்கை மூன்று முதல் ஆறு வயதுக்கு ஒருவருக்கு 20, மூன்று வயதுக்குக் கீழ் ஒருவருக்கு 10 என்று சொல்கிறது. ஆயாம்மா உண்டா? கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? வேன் டியூட்டி யாருக்கு? அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் சேராதீர்கள். நகல் கொடுத்து, அசலைக் காட்டித் திரும்ப வாங்கினால் போதும்.

சேர்ந்த முதல் மாதத்திலேயே முதலுதவிப் பயிற்சி எடுங்கள், செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் நடத்துகின்றன. தொண்டை அடைப்புக்கு ஒரு வயதுக்குக் கீழும் மேலும் செய்முறை வேறு, அதைப் பொம்மையில் செய்து பழக வேண்டும், படித்தால் வராது. குரலையும் காப்பாற்றுங்கள். கத்துவதற்குப் பதில் மணி அடியுங்கள்.

படி 6: மூன்று வருஷத்துக்குப் பிறகு

ஒருங்கிணைப்பாளர் பதவி மட்டுமே உயர்வு அல்ல. சிறப்புக் கல்விப் பக்கம் தேவை அதிகம். அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் கட்டாயம். பலர் கவனிக்காத இன்னொரு வழி நிறுவனக் காப்பகங்கள்: 2017-ல் வந்த மகப்பேறு சட்டத் திருத்தம் முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். எங்கே போனாலும் பழைய குறிப்பேடுகளை, பிள்ளைகளின் பெயரை மறைத்து, கொண்டு போங்கள்.

பின்சேர்க்கை: ஆண்கள் வரலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கன்வாடியில் முடியாது. தனியார் பள்ளி, மாண்டிசோரி, சிறப்புக் கல்வி எல்லாவற்றிலும் வரலாம்.

இன்னொன்று: மாவு மூன்றாம் நாளே பிசுபிசுக்கிறது என்று சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் எழுதியிருந்தார்கள். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. கடலோர ஊர்களில் தண்ணீரை அரை கப்பில் நிறுத்துங்கள், காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், எடுக்கும்போது ஒரு கரண்டி மைதா சேர்த்துப் பிசையுங்கள். வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.