லோன் டியூ நின்னு ஏஜென்ஸி ஆளு வாசலுக்கு வந்தா என்ன பண்ணணும் (பாலக்காடு பார்டர் பக்கம் இருக்கறவங்களுக்கு)

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு நம்ம பக்கம் நெறய பேருக்கு வீடு கேரளாவுல, லோன் எடுத்தது பொள்ளாச்சிலயோ கோயமுத்தூர்லயோ. ரெண்டு மூணு டியூ நின்னுச்சுன்னா வசூலுக்கு வர்றது பெரும்பாலும் பேங்க் ஸ்டாஃப் இல்லீங்க, பேங்க் கான்ட்ராக்ட் குடுத்த ஏஜென்ஸி ஆளு. அவன் வாசல்ல நின்னு சத்தம் போட்டா பக்கத்து வீட்டுல கேக்குமேன்னு பயந்து காதுல கெடக்கற தோட கழட்டிட்டு அடகுக் கடைக்கு ஓடறவங்கள பாக்கறப்போ மனசு தாங்கல, அதனாலதான் இத எழுதறேன். வாங்குன கடன கட்ட வேண்டாம்னு சொல்ல வரல. யார்கிட்ட, எந்தக் கணக்குல, எந்தப் பேப்பர வாங்கிட்டு கட்டறதுங்கறதுதான் விஷயம்.

மொதல்ல இது உள்ள எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கங்க. டியூ தேதி தாண்டி 30 நாள் வரைக்கும் ஒரு பக்கெட் (எத்தன நாள் பாக்கின்னு பாத்து பேங்கு பிரிக்கற பிரிவு), 60 வரைக்கும் அடுத்தது, 90 வரைக்கும் மூணாவது. ஆரம்பத்துல போன் மட்டும் வரும், அப்புறம் ஃபீல்டு ஆளு வருவான். 90 நாள் தாண்டுச்சுன்னா உங்க கணக்கு என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆயிரும், அதுக்குன்னு பேங்கு தனியா பணம் ஒதுக்கி வெக்கணும், அதனால அதுக்கு முன்னாடியே வாங்கிரணும்னு ஏஜென்ஸிய நெருக்கும், ஏஜென்ஸிக்கு வசூல்ல கமிஷன், ஃபீல்டு பையனுக்கு டார்கெட். மாசக் கடைசில போன் மேல போன் வர்றது இதனாலதான். ஆனா ஏஜென்ட் பண்ற எல்லாத்துக்கும் பேங்குதான் பொறுப்புன்னு ரிசர்வ் பேங்க் தெளிவா சொல்லியிருக்கு. "அது ஏஜென்ஸி ஆளுங்க பண்ணது, எங்களுக்குத் தெரியாது"ன்னு மேனேஜர் சொன்னா ஒத்துக்காதீங்க.

ஆளு வந்தா உள்ள கூப்பிடணும்னு அவசியமில்ல, வாசல்லயே நிக்க வெச்சு ஐடி கார்டும், பேங்கு குடுத்த அதிகார லெட்டரும் கேளுங்க. ரெண்டும் அவன் கையில இருக்கணும், எந்த ஏஜென்ஸிக்கு கேஸ் குடுத்திருக்கோம்னு பேங்கு உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கவும் வேணும். எங்க தெருவுல ஒரு அக்கா வீட்டுக்கு டூவீலர் லோனுக்காக ஒருத்தன் வந்தான், கழுத்துல கார்டு தொங்குது, அதைக் கையில வாங்கிப் பாத்தா தேதி முடிஞ்சு போயிருக்கு, லெட்டர் எங்கப்பான்னா ஆபீஸ்ல இருக்குங்கறான். "லெட்டர் எடுத்துட்டு வா தம்பி, பேசலாம்"னு அக்கா சொன்னதும், சரிங்க்கா ஒரு டியூவ மட்டும் என் நம்பருக்கு ஜிபே பண்ணிருங்கன்னு கேட்டான். இதுதான் பெரிய ஆபத்து. ஏஜென்ட்டோட சொந்த நம்பருக்கு ஒரு ரூபா கூட போடாதீங்க. பேங்க் ஆப், பிராஞ்ச் கவுன்டர், இல்லன்னா லோன் கணக்கு நம்பருக்கு நேரா போடுங்க, ரசீத பத்திரமா வெய்ங்க.

போன் காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் வரக்கூடாது, இது 2022 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவு. மகளிர் குழு லோன், மைக்ரோ ஃபைனான்ஸ்னா இன்னும் இறுக்கம், 9லருந்து 6 வரைக்கும்தான். அதுலயும் பேசி வெச்ச எடத்துலதான் வசூல் பண்ணணும், நீங்க அடுத்தடுத்து ரெண்டு தடவையாவது அங்க வராமப் போனாத்தான் வீட்டுக்கோ வேல செய்யற எடத்துக்கோ வரலாம். சொந்தக்காரங்களுக்கு போன் போட்டு அசிங்கப்படுத்தறது, பேர எழுதி ஒட்டறது, மெரட்டறது எதுவுமே கூடாது. கால் வந்தா ரெக்கார்டு பண்ணுங்க, வாட்ஸ்அப் மெசேஜ அழிக்காதீங்க.

"போலீஸ் வந்து புடிச்சுட்டுப் போகும்"னு சொல்லுவான். கடன் கட்ட முடியலங்கறது சிவில் விஷயம், அதுக்காக மட்டும் போலீஸ் கைது பண்ண முடியாது. ஆனா செக் பவுன்ஸ் ஆனாலும், கணக்குல பணமில்லாம ஆட்டோ டெபிட் (மாசா மாசம் தானா தவணை எடுக்கறது) திரும்புனாலும் கிரிமினல் கேஸ் போட சட்டத்துல எடம் இருக்கு, அந்த மாதிரி வக்கீல் நோட்டீஸ் வந்தா அலட்சியமா விட்றாதீங்க. இன்னொண்ணு, அதாலத் நோட்டீஸக் காட்டி கோர்ட் சம்மன்னு பயமுறுத்துவாங்க. லோக் அதாலத் ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டு முடிக்கற எடம், உங்களால முடியாத தொகைக்கு கையெழுத்துப் போடணும்னு கட்டாயமில்ல, போட்டுட்டா அப்பீல் கெடையாது. போறதுக்கு முன்னாடி 15100க்கு கூப்பிடுங்க, சட்ட உதவி கிடைக்கும். பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு.

வீட்ட ஜப்தி பண்ணிருவோம்னு சொன்னா பதறாதீங்க. சர்ஃபாசி சட்டப்படி (அடமானம் வெச்ச சொத்த கோர்ட்டுக்குப் போகாமயே பேங்கு எடுக்க வழி குடுக்கற சட்டம்) 60 நாள் டைம் குடுத்து நோட்டீஸ் வரணும், நீங்க எழுத்துல ஆட்சேபம் குடுத்தா பேங்கு 15 நாளுக்குள்ள பதில் சொல்லணும், அப்புறமும் எடத்த எடுக்க வந்தா 45 நாளுக்குள்ள டிஆர்டிக்கு, அதாவது பேங்க் கடன் வழக்குகளப் பாக்கற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வீடு பாலக்காட்டுலன்னா எர்ணாகுளம், கணக்கு இருக்கற பிராஞ்ச் கோயமுத்தூர்னா அங்கயும் போட வழியிருக்கு. விவசாய நிலத்து மேல இந்தச் சட்டம் பாயாது. வண்டியப் பொறுத்தவரைக்கும், ரோட்டுல மறிச்சு சாவியப் புடுங்க குண்டர்கள அனுப்பக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2007லயே சொல்லிருச்சு. அக்ரிமென்ட்ல என்ன நோட்டீஸ்னு இருக்கோ அது வரணும், விக்கறதுக்கு முன்னாடி கடைசி சான்ஸும் குடுக்கணும்.

அத்துமீறுனா மொதல்ல பேங்கோட குறை தீர்க்கற ஆபீசருக்கு மெயில்லயோ ரிஜிஸ்தர் தபால்லயோ எழுதுங்க, தேதி நேரம் போன் நம்பர் எல்லாம் போட்டு. அந்தப் புகார் முடியற வரைக்கும் சாதாரணமா உங்க கேஸ ஏஜென்ஸிகிட்ட குடுக்கக் கூடாது, இத லெட்டர்லயே எழுதிருங்க. 30 நாள்ல பதில் வரலன்னாலோ பதில் திருப்தியில்லன்னாலோ ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற அதிகாரி), ரிசர்வ் பேங்கோட சிஎம்எஸ்ங்கற ஆன்லைன் புகார் தளத்துல செலவில்லாம போடலாம். ரிசர்வ் பேங்க் நம்பர் 14448க்கு போட்டா தமிழ்லயும் பேசுவாங்க, மலையாளத்துலயும் பேசுவாங்க. ஃபைனான்ஸ் கம்பெனி லெட்டர் புரியாத மொழில வந்தா எனக்குத் தெரிஞ்ச மொழில குடுங்கன்னு கேக்க உரிமை இருக்கு, பார்டர்ல இருக்கறவங்க இத கண்டிப்பா கேளுங்க. கை வெச்சாங்கன்னா 112, எந்த ஸ்டேட்டு லோன்னு யோசிச்சுட்டு நிக்காதீங்க.

கட்ட முடியலன்னா ஒளியாதீங்க, நேரா பிராஞ்சுக்குப் போயி தவணைய கொறச்சு நீட்டிக் குடுக்க முடியுமான்னு எழுதிக் கேளுங்க. ஓடிஎஸ், அதாவது பாக்கியக் கொறச்சு ஒரே தடவைல கட்டி முடிக்கறது பத்திப் பேசுனா தொகையும் தேதியும் பேங்க் லெட்டர்ஹெட்ல வர்ற வரைக்கும் பணம் கட்டாதீங்க, ஏஜென்ட் வாயால சொன்னது செல்லாது. அப்படி முடிச்சா சிபில்ல, அதாவது உங்க கடன் வரலாற்றுப் பதிவுல, செட்டில்டுன்னுதான் (கொறச்சுக் கட்டி முடிச்சதுன்னு) விழும், அடுத்த லோனுக்கு அது இடிக்கும், முடிஞ்சா முழுசாக் கட்டி க்ளோஸ் பண்றதே நல்லது. கட்டி முடிச்சதும் என்ஓசி, அதாவது பாக்கி எதுவும் இல்லன்னு பேங்கு குடுக்கற லெட்டர வாங்குங்க. வீட்டுப் பத்திரம்னா 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கணும், பேங்கு தப்பால தாமதமானா நாளுக்கு 5,000 ரூபா உங்களுக்குத் தரணும். வண்டின்னா பேங்க் சீல் வெச்ச ஃபாரம் 35ஐயும் சேத்து வாங்கி, ஆர்சி புக்குல ஹைப்போதிகேஷன (வண்டி மேல கடன் இருக்குங்கற பதிவ) அடிச்சு நீக்கற வரைக்கும் விடாதீங்க.