முழு மூச்சு கிடைக்காதபோது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் ஒருவர், "மூச்சை இழுத்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது" என்று சொன்னால், வீட்டுப் பெரியவர்கள் அதை வாயு என்பார்கள். பக்கத்து வீட்டார் தம் ஆஸ்துமா பம்ப்பை நீட்டுவார்கள். பிறருடைய மருந்தைத் தொடாமல், முதலில் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

அங்கே "மூச்சு முட்டுகிறது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். படியேறும்போது வருகிறதா, சும்மா உட்கார்ந்திருக்கையில் வருகிறதா, உறக்கத்தைக் கலைக்கிறதா, செம்பனைக்கு மருந்து அடிக்கும் நாளில் கூடுகிறதா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். இரத்தசோகை, ஆஸ்துமா, இதயக் கோளாறு, தைராய்டு, 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் ஆகியவை இல்லை என்று தெரிந்த பிறகே, காரணம் புலப்படவில்லை என்ற முடிவை ஏற்க வேண்டும்.

சோதனைகளில் குறை தெரியாவிட்டால் அது வெறும் மனப்பிரமை என்று பொருளல்ல. எவருக்கும் தம்மை அறியாமல் மணிக்குச் சுமார் 12 பெருமூச்சுகள் வருவது இயல்பு. ஆனால் முழு மூச்சைத் தேடி அடிக்கடி வலிந்து இழுப்பவரின் நுரையீரலில் பழைய காற்று வெளியேறும் முன்பே புதுக் காற்று சேர்ந்துவிடுவதால், நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றுவதுபோல் அடுத்த மூச்சுக்கு இடமிருப்பதில்லை. இரத்தத்தில் கரியமில வாயுவும் குறைவதால் விரல் நுனியும் உதடும் மரத்து, தலை கிறுகிறுக்கும். அந்தப் பயத்தில் இன்னும் பலமாக இழுப்போம்.

ஆகவே பயிற்சி முழுவதும் மூச்சை விடுவதில்தான் இருக்கிறது. நாற்காலியில் சற்று முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமீது ஊன்றித் தோள்களைத் தளர்த்துங்கள். மூக்கால் 4 எண்ணும் வரை மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து 6 எண்ணும் வரை விடுங்கள். வயிறு எழுந்து தாழ வேண்டும், மார்பு அதிகம் அசையக்கூடாது. பெருமூச்சு விடத் தோன்றினால் எச்சிலை ஒருமுறை விழுங்கிவிட்டு, அடுத்த மூச்சைச் சிறியதாகவே எடுங்கள். முதலில் இது மூச்சுத் திணறலைக் கூட்டுவதுபோல் தோன்றும். காலையும் மாலையும் 5 நிமிடம், தொல்லை இல்லாத வேளையிலேயே பழகினால்தான் தொல்லை வரும்போது கைகொடுக்கும். பைக்குள் மூச்சு விட்டு இழுக்கும் பழைய வைத்தியம் ஆபத்தானது.

சேலை கட்டும் பெண்கள் உள்பாவாடை நாடாவைக் கவனிக்க வேண்டும்: அவிழ்த்த பிறகும் இடுப்பில் தடம் பதிந்திருந்தால், நாடா இறுக்கமாக இருந்து, வயிறு விரிய இடமில்லாமல் மூச்சு மார்போடு நின்றிருக்கலாம். வயிறு புடைக்க உண்பதும் இதே தொல்லையைத் தரும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிவேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சுவலி, உதடு நீலமாதல், ஒரு கால் மட்டும் வீங்குதல், இருமலில் இரத்தம், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத அளவு மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் பயிற்சியில் நேரம் கடத்தாமல் 999ஐ அழையுங்கள். நோயாளியை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அழைத்துச் செல்ல வேண்டாம்.