தூங்க வைக்கப் போடும் நிகழ்ச்சியே தூக்கத்தைக் கெடுத்தால்?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எனக்குத் தெரிந்த சில வீடுகளில் சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைக்க யூடியூபில் 'இன் தி நைட் கார்டன்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியைப் போடுகிறார்கள். 2007-ல் பிபிசியில் வந்தது, மொத்தம் 100 பகுதி. நல்ல தேர்வுதான். கத்தல் இல்லை, காட்சிகள் படபடவென்று மாறாது, கதை சொல்லும் டெரிக் ஜாகோபியின் குரல் நிதானமாகப் போகும், இங்கிலீஷ் புரியாவிட்டாலும் பிள்ளை அடங்கி உட்காரும். அதிலும் இக்கிள் பிக்கிள் என்ற பொம்மை நடுக்கடலில் சின்னப் படகில் வந்து, பாய்மரப் பாயை இறக்கிப் போர்த்திப் படுப்பதை, அப்பா கடலுக்குப் போயிருக்கிற ராத்திரியில் நம்ம பிள்ளைகள் கண்ணெடுக்காமல் பார்க்கும்.

தப்பு நடப்பது போடுகிற விதத்தில். ஆட்டோபிளேயை அணைக்காமல் விடுவதுதான் பெரிய தப்பு. ஒவ்வொரு பகுதியிலும் கடைசியில் எல்லோரும் ஒவ்வொருவராகத் தூங்கப் போவார்கள், அதுவரை ஓடிய அரை மணி நேரமும் அந்த இடத்துக்காகத்தான். அங்கே நிறுத்தாவிட்டால் அடுத்து ஏதோ ஒரு குத்துப்பாட்டு பொம்மை வீடியோ தானாக ஓடி, அடங்கிய பிள்ளையை மறுபடி எழுப்பிவிடும். இதை ஒளிபரப்பும் பிபிசியின் குழந்தைகள் சேனலான சீபீபீஸ் பிரிட்டனில் ராத்திரி 7 மணிக்கே மூடிவிடும். யூடியூப் மூடாது, நாம்தான் மூட வேண்டும்.

அடுத்தது, படுக்கையில் போனைக் கையில் கொடுப்பது. முகத்துக்கு நேரே அடிக்கிற வெளிச்சம் தூக்கத்துக்கு வேண்டிய மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை அணைக்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். அதனால் ஏழு மணிக்குப் போடுங்கள், முடிந்ததும் சோறு, கை கால் கழுவி, அப்புறம் பாய்.

தூளியில் கிடக்கிற பிள்ளைக்கு இது எதுவும் வேண்டாம், அம்மாச்சியின் ஆராரோ போதும். இரண்டு வயது ஆகும்வரை திரை வேண்டாம், அதற்கு மேல் நாள் முழுக்கச் சேர்த்தே ஒரு மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு.

மீன்பிடித் தடைக்காலத்தில் இன்னொரு சிக்கல். ஏப்ரல் 15 முதல் 61 நாள் அப்பா வீட்டில் இருப்பார், ஐபிஎல் வேறு ஓடும், பிள்ளையின் நிகழ்ச்சி முடிந்த கையோடு அதே டிவியில் மேட்ச் அலறும். அண்ணன்மாரே, மேட்சைப் போனில் இயர்போன் போட்டுப் பாருங்கள். அதைவிட நல்லது, வீட்டில் இருக்கிற நாளிலாவது நீங்களே பக்கத்தில் படுத்துத் தட்டிக் கொடுப்பது.

இன்னொரு பகுதி கேட்டு அழுதால்? அழத்தான் செய்யும். 'படகு போயிருச்சு, நாளைக்குத்தான் வரும்' என்று சொல்லித் திரையை அணைத்துவிடுங்கள், ஆச்சியோ சித்தியோ யார் பார்த்துக்கொண்டாலும் அதே பதிலைச் சொல்லச் சொல்லுங்கள்.