ஃபாஸ்ட்ஏபிஐ ஆப்பை ஒழுங்காகத் திறப்பதும் மூடுவதும்

கிளிநொச்சியில் ஒரு நெல் ஆலைக்கு, பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐயில் நிறுவைக் கணக்கு ஆப் செய்து கொடுத்திருந்தேன். பெரும்போக அறுவடை நேரம், வாசலில் லாண்ட்மாஸ்டர் வரிசை, கரண்ட் நின்றுவிட்டது. யூபிஎஸ் இருந்ததால் சேர்வர் முறையாகத்தான் நின்றது, ஆனால் பதிவுகளை மெமரியில் சேர்த்து இருபது இருபதாக டேட்டாபேஸில் எழுதும்படி வைத்த நான், மூடும்போது மிச்சத்தை எழுது என்று எங்கேயும் சொல்லவில்லை. கரண்ட் வந்தபோது 13 பதிவைக் காணோம். நிறுவைத் துண்டு வைத்திருந்தவர்களுக்குத் திருப்பி ஏற்றினோம், துண்டைத் தொலைத்த ஐயா ஒருவர் பின்னேரம் வரை வாசலிலேயே நின்றார்.

சரி, செய்யவேண்டியது இதுதான். ஸ்டார்ட்அப்புக்கு ஒன்று, ஷட்டவுனுக்கு ஒன்று என்று தனித்தனி ஃபங்ஷன் எழுதும் பழைய முறையை விடுங்கள். 2023இல் வந்த 0.93 பதிப்பிலிருந்து லைஃப்ஸ்பான் இருக்கிறது: ஒரே ஏசிங்க் ஃபங்ஷன், நடுவில் ஒரு யீல்ட், அதற்கு மேலே திறப்பது, கீழே மூடுவது. டேட்டாபேஸ் பூலை (தயாராக வைத்திருக்கும் கனெக்ஷன்களின் தொகுப்பு) திறந்த உடனேயே ட்ரை போட்டு, மூடுவதை ஃபைனலியில் வையுங்கள், அடுத்த படி பிழைத்தாலும் பூல் மூடப்படும். லைஃப்ஸ்பான் கொடுத்துவிட்டால் பழைய ஸ்டார்ட்அப், ஷட்டவுன் ஃபங்ஷன்கள் ஓடாது, இரண்டையும் கலக்காதீர்கள். இன்னொன்று, இது ஒவ்வொரு வேர்க்கருக்கும் (ஒரே நேரத்தில் ஓடும் ஆப்பின் பிரதி) தனியாக ஓடும். நாலு வேர்க்கர், பூலில் பத்து என்றால் 40 கனெக்ஷன், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக விடுவதே 100தான்.

மூடும் வரிசை திறந்ததற்குத் தலைகீழ். முதலில் பின்னணி வேலையை நிறுத்துங்கள், பிறகு மெமரியில் உள்ளதை எழுதுங்கள், பூல் கடைசி. பூலை முதலில் மூடினால் மிச்சத்தை எழுத வழியே இல்லை.

இதைவிட முக்கியம் நேரம். துருசைப் பூட்டினாலும் வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும் இல்லையா, அதுபோல ஆப்பை ஓட்டும் சேர்வரான யுவிகார்னும் சிக்டேர்ம் (நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை) வந்ததும் புதிய கோரிக்கைகளை நிறுத்தி, உள்ளே ஓடுபவை முடியும்வரை காத்திருந்து, அப்புறம்தான் யீல்டுக்குக் கீழே வரும். ஒரு வெப்சொக்கெட் (தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பு) முடியாமல் கிடந்தாலும் காத்துக்கொண்டே இருக்கலாம். ஆப்பைத் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் டொக்கரோ இயல்பாக 10 செக்கன்தான் பொறுக்கும், அதன்பின் சிக்கில் அனுப்பி உடனே கொன்றுவிடும், நீங்கள் எழுதிய ஷட்டவுன் ஓடவே ஓடாது. ஆகவே யுவிகார்னின் கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் நேரத்தை 5 செக்கனாக வையுங்கள். டொக்கர்ஃபைலில் கட்டளையை அடைப்புக்குறிப் பட்டியலாக எழுதுங்கள், வெறும் வரியாக எழுதினால் சிக்டேர்ம் ஷெல்லோடு நின்றுவிடலாம்.

எழுதி முடித்ததும் டொக்கர் ஸ்டொப் கொடுத்து லொக்கைப் பாருங்கள். சரியாகப் பத்து செக்கன் எடுத்தால் எங்கோ தவறு.

யூபிஎஸ்ஸே செத்தால் எந்த ஷட்டவுனும் உதவாது. அதனால் ஆப் அனுப்பவேண்டிய எஸ்எம்எஸ் வரிசையை மட்டும் மெமரியில் விட்டிருக்கிறேன். நிறுவைப் பதிவு டேட்டாபேஸில் ஏறிய பிறகுதான் இப்போது துண்டே அச்சாகிறது.