பாம் ஸ்பிரிங்ஸ் ரிசார்ட்டில் தங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவின் பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் ரூம் தேடினால் எல்லா ரிசார்ட்டும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். வரிசையாகப் பனைகள், நீல நிறத்தில் பூல், பின்னால் பழுப்பு மலை. எதை எடுத்தால் என்ன என்று தோன்றும். அந்த ஊரில் எந்த ஹோட்டல் என்பதைவிட எந்த மாதம், எந்த நேரம் என்பதே முக்கியம். பெரும்பாலான தவறுகள் இதைக் கவனிக்காததால்தான் வருகின்றன.

கோடையில் வாடகை மளமளவென்று இறங்கும். காரணம் வெயில். ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 42 டிகிரி செல்சியஸ். 2024 ஜூலை 5 அன்று 51.1 டிகிரி பதிவானது. பூலும் ஏசி அறையுமாகக் கிடப்பதுதான் திட்டம் என்றால் அந்த மலிவான வாடகை லாபம்தான். டென்னிஸ் ஆடப் போகிறவர்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சரிப்படும். ஆனால் மார்ச்சில் பக்கத்து ஊரான இந்தியன் வெல்ஸில் பெரிய டென்னிஸ் போட்டி இரண்டு வாரம் நடக்கும். ஏப்ரலில் இன்னொரு பக்கத்து ஊரான இண்டியோவில் கோச்செல்லா இசை விழா வரும். அந்த நாட்களில் வாடகை எகிறும், நல்ல ரூமும் கிடைக்காது. போட்டியோ விழாவோ பார்க்கப் போகவில்லை என்றால் தேதியைத் தள்ளி வையுங்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் வேறு விதமாக ஏமாறுகிறார்கள். ஜனவரிப் பகல் 21, 22 டிகிரியில் இதமாக இருக்கும். இரவில் பத்துக்குக் கீழே இறங்கிவிடும். பாலைவனம்தானே என்று அரைக்கை சட்டை மட்டும் எடுத்துப் போனால் இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே உட்கார முடியாது. இன்னொன்று, ஊருக்கு மேற்கே சான் ஹசிந்தோ மலை சுவர்போல நிற்கிறது, உயரம் 3,300 மீட்டர். மலையடியில் இருக்கும் ஹோட்டல்களில் டிசம்பரில் பிற்பகலிலேயே வெயில் மறைந்துவிடும். மதியத் தூக்கம் போட்டுவிட்டு பூலுக்குப் போகலாம் என்று இருந்தால் நிழலில்தான் நீந்த வேண்டும். கிழக்கே தள்ளியிருக்கும் ரிசார்ட்டில் வெயில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்.

காற்றையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊருக்கு வடமேற்கே சான் கோர்கோனியோ கணவாயில் காற்றாலைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தாலே புரியும். வசந்த காலத்தில் பிற்பகலும் மாலையும் அங்கிருந்து காற்று அடித்து வரும். பாம் ஸ்பிரிங்ஸின் வடக்குப் பகுதியில் அதன் வேகம் அதிகம். தென்கிழக்கே லா கின்டா ஊர்ப் பக்கம் பொதுவாகக் குறைவு. சர்வீஸுக்குத் தூக்கிப் போட்ட பந்து தலைக்குப் பின்னால் போய் விழுந்தால் மட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்புறம், கோடையில் கோர்ட்டை எத்தனை மணிக்கு எடுப்பது? “வெயில் தாழ்ந்ததும் ஆடலாம்” என்று மாலை ஆறு மணிக்கு புக் செய்வதுதான் வழக்கமான தவறு. பகல் முழுக்கச் சூடேறிய தரை அப்போது அந்தச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும்; ஜூலையில் இரவு ஒன்பது மணிக்குக்கூட அனல் அடங்காது. இருபத்து நான்கு மணி நேரத்தில் மிகக் குளிர்ச்சியான நேரம் விடியலை ஒட்டித்தான். காலை ஆறு மணிக்கு இறங்கி எட்டுக்குள் முடித்துவிடுங்கள். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, அதனால் பந்து வழக்கத்தைவிட நீளமாகப் போகும்; முதல் சில கேம்களில் கொஞ்சம் அடக்கி அடியுங்கள். மட்டையைக் காரில் விட்டு வராதீர்கள், சூட்டில் ஸ்ட்ரிங் தளர்ந்துபோகும். கோர்ட் இருக்கிறது என்பதை மட்டும் நம்பியும் புக் செய்ய வேண்டாம். பல இடங்களில் டென்னிஸ் கோர்ட்டை, சின்ன கோர்ட்டில் ஆடும் மட்டைப்பந்து ஆட்டமான பிக்கில்பாலுக்கு மாற்றியிருக்கிறார்கள். எத்தனை மிச்சம், விளக்கு உண்டா, தனிக் கட்டணமா என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம்விட ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. “வியர்க்கவே இல்லை, அதனால் பிரச்சினை இல்லை” என்ற நினைப்பு. வியர்க்கிறது. காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் சட்டை நனைவதற்குள் காய்ந்துவிடுகிறது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கணக்கில் ஆடினால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் உள்ளே போக வேண்டும். பூலில் நின்றுகொண்டே பீர் குடிப்பது தாகத்தைத் தீர்க்காது, உடம்பில் இருக்கும் நீரையும் குறைக்கும். கூட வந்தவர் வெயிலில் குழப்பமாகப் பேச ஆரம்பித்தால் வெறும் களைப்பு என்று விடாதீர்கள். உடனே அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்துக் குளிரவையுங்கள்.

பூல் விஷயத்தில் சின்னச் சின்னதாகச் சில. சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நீந்தி ஏறியதும் மறுபடி பூச வேண்டும். பூலைச் சுற்றியுள்ள தரை கோடையில் பாதத்தைப் பொசுக்கும், செருப்பை ஓரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் ஹோட்டலின் வயது விதியைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது. பாம் ஸ்பிரிங்ஸில் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று பல சின்ன ஹோட்டல்கள் உண்டு. உடை கட்டாயமில்லை என்கிற ஹோட்டல்களும் உண்டு. மாமனார் மாமியாரோடு போய் இறங்கிவிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல.

பணத்தில் பழைய தொல்லை ரிசார்ட் ஃபீ, அதாவது அறை வாடகைக்கு மேல் ஹோட்டல் கட்டாயமாக வசூலிக்கும் கட்டணம். 2025 மே 12 முதல் அமெரிக்காவில் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையைத்தான் ஹோட்டல்கள் விளம்பரத்தில் காட்ட வேண்டும். அரசு வரியும், நீங்களாகக் கேட்டு வாங்கும் சேவைகளும் இதில் வராது. கோர்ட், மட்டை வாடகை, பார்க்கிங் எல்லாம் தனியாக வரக்கூடும்.

ரிசார்ட்டை விட்டு ஒருநாள் வெளியே போனால்? பக்கத்தில் இருக்கும் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குள் பெரும்பாலான இடங்களில் குடிநீரே கிடையாது, நுழைவதற்கு முன்பே கேன்களை நிரப்புங்கள். மழை பெய்தால் காய்ந்த ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும். ஓடையைக் கடக்கும் சாலைகளை மூடுவார்கள். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் வந்தபோது பெரிய நெடுஞ்சாலையே மூடப்பட்டது. மலைமேல் ஏறும் கேபிள் காரான ஏரியல் டிராம்வேயில் ஏறினால் பத்தே நிமிடத்தில் 2,596 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். அங்கே கீழே இருப்பதைவிட 15 டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கும். பூல் உடையோடு அப்படியே போகாமல் ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் பராமரிப்புக்காக டிராம்வேயை மூடிவைப்பது வழக்கம், அந்த மாதம் போவதாக இருந்தால் தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.