இருபாலருக்கும் பொதுவான பெயரைக் குழந்தைக்குத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குழந்தை பிறப்பதற்கு முன்பே பெயரை முடிவு செய்துவிட விரும்புவோரும், பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே பிள்ளையைப் பற்றிப் பிறர் ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று எண்ணுவோரும் ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும் பெயரைத் தேடுகிறார்கள். பெயர்ப் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், பட்டியலில் 'பொது' என்று குறித்திருப்பதாலேயே ஒரு பெயர் பொதுவாகிவிடாது. கேட்பவர் காதில் அது எப்படி விழுகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் காதைச் சோதிப்பதற்கான வழிகள்தான்.

படி 1: விகுதியை நீக்கிப் பாருங்கள்

தமிழ்ப் பெயர்களில் பாலைக் காட்டுவது பெரும்பாலும் இறுதிப் பகுதிதான். 'மகிழன்', 'மகிழினி' ஆகிய இரண்டிலும் இறுதியை நீக்கினால் 'மகிழ்' எஞ்சுகிறது. 'எழிலன்', 'எழிலரசி' ஆகியவற்றிலிருந்து 'எழில்' கிடைக்கிறது. 'தமிழ்ச்செல்வன்', 'தமிழ்ச்செல்வி' ஆகியவற்றிலிருந்து 'தமிழ்' கிடைக்கிறது. சுடர், யாழ், இசை, புகழ் போன்றவற்றையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். விகுதி இல்லை என்பது மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள்: 'கதிர்' ஆணுக்கும் 'மலர்' பெண்ணுக்கும் உரியதாக வழக்கில் வேரூன்றிவிட்டதால், அவற்றைப் பொதுப்பெயர் என்று சொல்ல நான் தயங்குவேன்.

படி 2: வினைமுற்றோடு சேர்த்துச் சொல்லுங்கள்

இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் வரும் வினைச்சொல் ஆண், பெண் என்று மாறுவதில்லை. தமிழிலோ ஒருமையில் பேசத் தொடங்கியவுடன் '-ஆன்' அல்லது '-ஆள்' வந்து நின்றுவிடுகிறது. ஆகவே, 'எழில் நேற்றே வந்துவிட்டான்', 'எழில் நேற்றே வந்துவிட்டாள்' என இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் தடையின்றி ஒலித்தால் பெயர் தேறிவிட்டது. ஒன்றில் நாக்கு சற்றே தயங்கினாலும், உங்கள் மனம் அந்தப் பெயரை ஏற்கனவே ஒரு பக்கம் சாய்த்துவிட்டது என்று பொருள். பிறகு, உங்கள் நோக்கம் தெரியாத சிலரிடம் பெயரை மட்டும் சொல்லி, அதை வைத்து ஒரு வாக்கியம் அமைக்கச் சொல்லுங்கள். 'வந்தார்' என்று மரியாதைப் பன்மையில் சொன்னால் பால் மறைந்துவிடும். ஒரு சிறு பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் சொல்லுமாறு கேட்டால் உண்மை வெளிப்படும்.

படி 3: காலத்தையும் பிற மொழிகளையும் பாருங்கள்

பெயர்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆங்கிலத்தில் 'ஆஷ்லி' முன்பு ஆண்களின் பெயராக இருந்து, பின்னர் அமெரிக்காவில் பெரும்பாலும் பெண்களுக்கே உரியதாயிற்று. 'ஆண்ட்ரியா' இத்தாலியில் ஆணின் பெயர், ஜெர்மானியருக்கும் ஆங்கிலேயருக்கும் பெண்ணின் பெயர். பிள்ளை பல மொழியினரிடையே வளரக்கூடும் என்றால், அந்த மொழிகளைப் பேசுபவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பெயர்களின் எண்ணிக்கையை ஆண், பெண் வாரியாகப் பொதுவில் வைத்திருக்கிறது. அங்கே வழங்கும் பெயரைப் பரிசீலிப்பவர்கள் கடைசிப் பத்து, இருபது ஆண்டுகளின் போக்கை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: இரண்டாவது பெயரைப் பற்றி முடிவெடுங்கள்

சீக்கியர்களின் இயற்பெயர்களில் பெரும்பாலானவை இருபாலருக்கும் பொதுவானவை. 'சிங்', 'கவுர்' என்று பின்னால் வரும் பெயரே ஆண், பெண் என்பதைக் காட்டும். இதே முறையில், முதற்பெயர் பொதுவாகவும் இரண்டாவது பெயர் பாலைக் காட்டுவதாகவும் வைக்கலாம். இதன் மறுபக்கமும் உண்டு: 'சசிகுமார்', 'சசிகலா' இருவரையும் 'சசி' என்று அழைப்பதைப்போல, முழுப்பெயர் பாலைக் காட்ட, அழைக்கும் பெயர் பொதுவாக இருக்கலாம். பொதுப்பெயரை உறவினர் ஏற்பார்களோ என்று தயங்கும் பெற்றோருக்கு இந்த இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். வளர்ந்தபின் எந்தப் பெயரால் அறியப்பட வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யவும் அது இடம் தருகிறது.

படி 5: விதியையும் எழுத்துக்கூட்டலையும் உறுதி செய்யுங்கள்

பதிவு செய்யப்போகும் நாட்டின் விதியை முன்கூட்டியே விசாரியுங்கள். ஜெர்மனியில் 'கிரண்' என்ற பெயர் பாலைக் காட்டவில்லை என்று பதிவு அலுவலர்கள் மறுத்த வழக்கில், 2008 டிசம்பரில் அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐஸ்லாந்தில் ஆண்பெயர், பெண்பெயர் என்ற சட்டக் கட்டுப்பாடு 2019இல்தான் நீங்கியது.

எழில், யாழ், மகிழ், தமிழ், புகழ் என நாம் பார்த்த பெயர்கள் பலவற்றிலும் 'ழ' இருப்பதால், ரோமன் எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, தாளில் எழுதி வைத்து, விண்ணப்பத்தை நிரப்புபவரிடம் அந்தத் தாளையே கொடுங்கள்.