லாப்ரடோரா, அல்சேஷனா: குட்டியைத் தூக்கி வருவதற்கு முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு மாறிய குடும்பங்களில் நாய் வளர்க்கும் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். அப்பாவுக்கு அல்சேஷன், அதாவது ஜெர்மன் ஷெப்பர்டு, வேண்டும்; பிள்ளைகளுக்கு லாப்ரடோர் வேண்டும். என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்? அப்பா ஷிப்டுக்குப் போயிருப்பார், அம்மா தொழிற்சாலையில், பிள்ளைகள் பள்ளியில். மிச்சம் இருப்பது பாட்டி. அவரைக் கேட்காமலே இனத்தை முடிவு செய்துவிடுகிறோம். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகிறது.

காவலுக்கு என்று அல்சேஷன் வாங்கிக் கட்டிப்போடுவது அடுத்த தவறு. எங்கள் வீட்டிலேயே நடந்தது. லயத்து வீட்டின் பின்னால், விறகு அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அப்பா ஒரு குட்டியைச் சங்கிலியில் கட்டினார். அது சுற்றிச் சுற்றி நடந்த இடத்தில் புல்லே முளைக்காமல் ஒரு வட்டம் விழுந்துவிட்டது. இரண்டு வருடத்தில் திருடனைப் பார்த்தும் குரைத்தது, சோறு கொண்டுபோன என் தம்பியைப் பார்த்தும் பல்லைக் காட்டியது. அந்த நாயின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. 1899இல் ஜெர்மனியில் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி இந்த இனத்தை உருவாக்கத் தொடங்கியபோது, நாள் முழுக்க ஆட்டு மந்தையோடு நடந்து, மேய்ப்பன் சொல்வதைக் கேட்டு வேலை செய்யும் நாயைத்தான் மனத்தில் வைத்திருந்தார். அதற்கு வேலை வேண்டும், ஆள் வேண்டும். காலையும் மாலையும் கூட்டிக்கொண்டு நடக்கவும், சின்ன வயதிலேயே பலரோடு பழக்கவும், தினம் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுக்கவும் வீட்டில் ஒருவர் இருந்தால் அல்சேஷனைப் போல நம்பிக்கையான துணை கிடைப்பது அரிது. அப்படி ஒருவர் இல்லையென்றால் தயவுசெய்து வேண்டாம்.

சரி, அப்படியானால் லாப்ரடோர் சாது, பாட்டிக்கு அதுவே ஏற்றது என்று முடிவு கட்டுகிறார்கள். அதுவும் அவசரம்தான். லாப்ரடோர் மனிதர்களிடம் அன்பான நாய், சந்தேகமில்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று வருடம் அது வீட்டுக்குள் அடிக்கும் புயல். வளர்ந்தால் 30 கிலோ வரும். எங்கள் வரிசையில் ஒரு வீட்டுப் பாட்டி ஈரத்துணி வாளியோடு பின்கதவைத் திறந்திருக்கிறார்; எட்டு மாதக் குட்டி ஆசையாக மேலே பாய்ந்தது. வாளி ஒரு பக்கம், பாட்டி ஒரு பக்கம். மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. முழங்கால் வலியுள்ள பெரியவர் இருக்கும் வீட்டுக்கு, துள்ளல் அடங்கிய நான்கு ஐந்து வயது நாயைத் தத்தெடுப்பதே நல்லது என்று அதற்குப் பிறகு எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

லாப்ரடோரின் பசியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நான்கில் ஒரு லாப்ரடோருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் குறை இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். சாப்பிட்டு முடித்த நிமிடமே மறுபடி தட்டை நக்கிக்கொண்டு நிற்பது வெறும் நடிப்பாக இருக்காது. நம் பாட்டிமார்களோ, "வாயில்லாத ஜீவன், பாவம்" என்று மிச்சச் சோற்றில் சாம்பாரை ஊற்றி வைப்பார்கள். சாம்பாரில் இருக்கும் வெங்காயம் நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும்.

இதைவிடப் பெரிய பயம் எனக்குச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில்தான். எலிக்காக மரத்தடிகளில் மெழுகுக் கட்டி போல மருந்து வைத்திருப்பார்கள். அல்சேஷனும் தின்னக்கூடும். ஆனால் கீழே கிடப்பதையெல்லாம் விழுங்கும் லாப்ரடோரைத் தோட்டத்துக்குள் அவிழ்த்து விடுவது நெஞ்சைப் பதற வைக்கும் காரியம். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்துச் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். இந்த மருந்துகள் பலவும் ரத்தத்தை உறைய விடாதவை. தின்றதாகச் சந்தேகம் வந்தாலே, முடிந்தால் மருந்தின் உறையோடு, அன்றைக்கே கிளினிக்குக்கு ஓடுங்கள். வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற முடியும்.

வெயிலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டாம். இரண்டும் குளிர்நாட்டு நாய்கள், இரண்டுக்கும் இரட்டை அடுக்கு முடி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. அதனால் நடை காலை ஏழுக்கு முன்னால் அல்லது இருட்டிய பிறகு. நண்பகலில் குளியலறை ஈரத்தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்தால் விரட்டாதீர்கள். வெயிலுக்கு என்று முடியை ஒட்டச் சிரைப்பது தவறு. அந்த முடிதான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. லாப்ரடோருக்கு முடி குட்டை, கொட்டாது என்பதும் பொய். வருடம் முழுக்கப் பெருக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், அக்கம்பக்கம். வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க் குடும்பம் இருந்தால் லாப்ரடோரின் நக்கும் பழக்கத்தை முன்கூட்டியே யோசியுங்கள். நாயின் எச்சில் பட்டால் இஸ்லாமிய முறைப்படி அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். கேட்டின் கீழ்ப்பக்கக் கம்பிகளில் வலை அடித்துவிடுங்கள். அல்சேஷனுக்கு அங்கே வேறு பிரச்சினை: குரல். உரிமத்துக்கு நகராண்மைக் கழகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்; வீட்டுக்கு எத்தனை நாய், எந்த இனம் என்ற கணக்கு ஊருக்கு ஊர் மாறும்.

இரண்டு இனத்துக்கும் இடுப்பு மூட்டு நோய் பரம்பரையாக வரும். ஆகவே குட்டியை மட்டும் காட்டி விற்பவரிடம் வாங்காதீர்கள். தாய் நாய் எழுந்து நடப்பதைப் பார்க்க வேண்டும். அந்தப் பயணத்தில் பாட்டியையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். தாய் நாய் பக்கத்தில் வந்ததும் அவர் கை தானாகத் தடவப் போகிறதா, சேலையை இழுத்துக்கொண்டு பின்வாங்குகிறாரா என்று கவனியுங்கள். பின்வாங்கினால் குட்டியில்லாமலே வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்.